கன்வெர்ட்டுக்கு ‘உருமாற்று’ வேண்டாமே, ‘பொதிமாற்று’ எப்படி?

வணக்கம் நண்பர்களே.

நாம் தமிழாக்கும் படச்செயலியில், ஒரு வகைப் படக்கோப்பை இன்னொரு வகையாக மாற்றும் ‘கன்வெர்ட்’ பொத்தானுக்கு வந்த ‘உருமாற்று’ என்ற முன்மொழிவு எனக்கு ஒப்பவில்லை. பள்ளிப் பாடத்தில் புழு பட்டாம்பூச்சி ஆவதுதான் உருமாற்றம். ஜேபெக் (JPEG) வகைப் படக்கோப்பை பிஎன்ஜி (PNG) வகை ஆக்கும்போது உரு எங்கே மாறுகிறது? மாறிவிடக் கூடாதே என்றுதானே இவ்வளவு பாடு! ‘வடிவமாற்று’ இன்னும் மோசம். சதுரப் படத்தை வட்டமாக வெட்டித் தரும் பொத்தான் என்று நினைத்து அழுத்துவார்கள்.

தங்கசாலைப் பக்கம் பேனர் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு ஃபுட்பால் டீம் பையன் வந்தான். ஜெர்சிக்கு வைத்திருந்த லோகோவைக் காட்டி, “இன்னாண்ணா இது, சுத்தி கருப்பா டப்பா கட்டிக்கினு கீது?” என்றான். பின்னணி இல்லாத பிஎன்ஜி அது. யாரோ ஜேபெக் ஆக்கியிருக்கிறார்கள். எந்தப் புள்ளி தெரியலாம், எது தெரியக் கூடாது என்று குறித்துவைக்க ஜேபெக்கில் இடமே கிடையாது. பிஎன்ஜியில் மறைந்து கிடந்த கருப்புப் புள்ளிகள், அந்தக் குறிப்பு தொலைந்ததும் வெளியே வந்து நின்றுகொண்டன.

“மறுபடி பிஎன்ஜியா மாத்திக் குடுண்ணா, பூடும்ல?”

பூடாதுப்பா.

இந்தப் ‘பூடாது’ நாம் ஆக்கும் சொல்லிலேயே தெரிய வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கிழிந்த சாக்கிலிருந்து நல்ல சாக்குக்குச் சரக்கை மாற்றிக் கட்டுவதைப் பற்றிச் சொல்லுவார். சரக்கு அதேதான், கட்டுதான் வேறு. மாற்றும்போது தரையில் கொஞ்சம் சிந்தும். சிந்தியது சிந்தியதுதான், அடுத்து எவ்வளவு பெரிய சாக்கில் கட்டினாலும் மூட்டைக்குத் திரும்பாது. ஜேபெக்கும் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் படாத நுணுக்கத்தை உதறிவிட்டுத்தான் கட்டுகிறது. பிறகு அதைப் பிஎன்ஜி ஆக்கினால் பெரும்பாலும் கோப்பின் கனம்தான் கூடும். தெளிவு கூடாது.

அதனால்தான் ‘பொதிமாற்று’. பெயருக்குப் ‘பொதிமாற்றம்’, கருவிக்குப் ‘பொதிமாற்றி’. முதலில் ‘சாக்குமாற்று’ என்றுதான் எழுதினேன். சாக்குப்போக்கு சொல்கிற செயலி போல இருந்தது, அடித்துவிட்டேன். ஒரே வகைக்குள் திறந்து திருத்தித் திரும்பச் சேமிப்பதை ‘மறுபொதிவு’ எனலாம். ஜேபெக்கில் அப்படிச் செய்யும்போதும் கொஞ்சம் சிந்தும்.

கட்டும்போது படத்தின் விவரம் தொலைவதையும் தொலையாததையும் சொல்லும் ‘இழப்புள்ள’ (lossy), ‘இழப்பற்ற’ (lossless) என்பவற்றுக்குப் பதில் ‘சிந்தும்’, ‘சிந்தாத’ என்றால் என்ன? ஆனால் இதை ஜிஃப், பிஎன்ஜி என்று கோப்பு வகைகளின் நெற்றியில் ஒட்டிவிடக் கூடாது. ஜிஃப் கட்டும் முறை சிந்தாததுதான். ஆனால் ஒரு சட்டகத்துக்கு (ஃபிரேமுக்கு) 256 நிறம்தான் கொள்ளும். அதில் திருமண போட்டோவைத் திணித்தால் கட்டுவதற்கு முன்பே பாதிப் பட்டுப்புடவை சிந்திவிடும். வெப்பி (WebP) என்ற வகையோ இரண்டு விதமாகவும் கட்டும். ஆக, சிந்துவது செயலைச் சொல்லும் அடைமொழியாக இருக்கட்டும்: ‘சிந்தாத பொதிமாற்றம்’.

‘பொதி’ ஏற்கெனவே மென்பொருள் பேக்கேஜுக்குப் போய்விட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குத் ‘தொகுப்பு’ம் புழக்கத்தில் உண்டு, படச்செயலியின் மெனுவில் யாரும் குழம்பப் போவதில்லை. ஆங்கிலக்காரர்களே இதில் தப்பவில்லை. இமேஜ்மேஜிக் என்ற படக்கருவியின் பழைய ‘கன்வெர்ட்’ கட்டளையும், விண்டோஸில் வட்டின் கோப்பு அடுக்குமுறையை ஃபேட்டிலிருந்து (FAT) என்டிஎஃப்எஸ் (NTFS) ஆக்கும் ‘கன்வெர்ட்’டும் ஒரே பெயரில் முட்டிக்கொண்டன. ஏழாம் பதிப்பில் இமேஜ்மேஜிக் ‘மேஜிக்’ என்ற கட்டளைக்கு மாறிவிட்டது.

‘எக்ஸ்போர்ட்’டுக்கு ‘ஏற்றுமதி’ இருக்கட்டும், அதை நான் தொடவில்லை. ராயபுரத்துக்காரனுக்கு அந்தச் சொல்லைப் பார்த்தால் கன்டெய்னர் லாரி வரிசைதான் நினைவுக்கு வரும், அது வேறு விஷயம்.

புள்ளிகளால் ஆன படத்தைக் குறிக்கும் ‘ராஸ்டர்’ என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் மண் வாரும் பல்வாரி என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ‘புள்ளிப்படம்’ போதும். பெரிதாக்கினால் “புள்ளி புள்ளியா உடையுது” என்று வாடிக்கையாளரே சொல்கிறார்.

திங்கட்கிழமைக்குள் இதைவிட நல்ல சொல் வராவிட்டால் பொத்தானில் ‘பொதிமாற்று’ என்றே போட்டுவிடுகிறேன். ‘மறுபொதிவு’தான் எனக்கே இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. யாராவது பாருங்களேன்.