சர் ஆண்ட்ரூ ஃபோக்ஸ்: உங்களுக்கு இன்னும் உறுத்தும் இடம் எது?

ரயில்வாசகி:
'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' நாவல் என்றாலே பெர்சி, பெர்சி, பெர்சி. அவரை விடுங்கள். எனக்கு உறுத்துவது, பிரெஞ்சுப் புரட்சியில் தலை போக இருப்பவர்களை மீட்கும் அவருடைய ரகசியச் சங்கத்து ஆண்ட்ரூதான். கிரென்வில் பிரபு வீட்டு விருந்து. தலைவரிடமிருந்து வந்த சீட்டை மெழுகுவர்த்தியில் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்தத் தலைவர் தன் கணவர் பெர்சிதான் என்று தெரியாத மார்கரீத் தலைசுற்றல் என்று வந்து, எரியும் தாளை அவன் கையிலிருந்தே வாங்கி, கருகின காகித வாடை மயக்கத்துக்கு நல்லது என்று உங்கள் பாட்டி சொல்லிக்கொடுத்தாரோ என்கிறாள். ரகசியச் சங்கத்து ஆள் பேந்தப் பேந்த விழிக்கிறான்! மின்சார ரயிலில் படித்துக்கொண்டிருந்தேன். "டேய், பிடுங்குடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிர் சீட்டு அம்மா தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அரைத்தூக்கம்:
சகோ, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டுங்கள். பெண்ணிடம் இப்படி நடக்கலாமா என்றுகூடப் பார்க்காமல் அவன் பாயத்தான் செய்கிறான். அவள் சட்டென்று பின்வாங்கியதில்தான் மேசை கவிழ்ந்து விளக்குத்தண்டு கீழே விழுகிறது. கம்பளமெல்லாம் மெழுகு, மெழுகுவர்த்தியின் காகித மூடி ஒன்று பற்றிக்கொள்கிறது. ஊரார் வீட்டில் தீ என்றால் யாரும் முதலில் தீயைத்தான் அணைப்பார்கள். அந்தச் சில நொடி அவளுக்குப் போதும். நாளைக்கு நானே கிளம்புகிறேன், பேச வேண்டுமென்றால் ஒரு மணிக்கு உணவறையில் இருப்பேன் என்று இருந்ததைப் படித்துவிட்டாள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள், கம்பளம் எரியட்டும் என்று நின்றிருப்பீர்களா?

என் கதை சின்னது. கல்லூரி நாடகத்தில் எனக்கு ஆண்ட்ரூ வேஷம். மேடைக்கு நேர் மேலே ஃபேன். மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. சீட்டு துளிகூடக் கருகவில்லை. மார்கரீத்தாக நடித்த பெண் அதை அப்படியே முகர்ந்து, மனப்பாடம் செய்ததை விடாமல், "ஆஹா, கருகும் வாடை" என்றாள். கடைசி வரிசை வரைக்கும் சிரிப்பு. நான் அடுத்து பேச வேண்டிய வசனம் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

உப்புக்காற்று:
இங்கிலாந்தில் டோவருக்கு வேலையாகப் போனேன். அங்கே நாவலில் வரும் 'ஃபிஷர்மென்ஸ் ரெஸ்ட்' விடுதி கிடையாது, அது கற்பனை என்று தெரியும். இருந்தாலும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய மதுக்கடை ஒன்றில் நுழைந்ததும் என் கண் போனது பெஞ்சுக்கு அடியில்தான். அந்த இரவுக் காட்சி அப்படி. ஆண்ட்ரூவும் அதே சங்கத்து டோனி பிரபுவும் தனியாக இருக்கிறோம் என்று நம்பி காகிதங்களைப் பிரிக்கிறார்கள். பெஞ்சுக்கு அடியில் ஓர் ஒற்றன் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அடுத்த நிமிடம் இருவர் வாயிலும் துணி. பிரெஞ்சு ஒற்றனால் என்னை ஏமாற்ற முடியாது என்று பீற்றிக்கொள்ளும் விடுதிக்காரர் ஜெல்லிபேண்டின் கடையிலேயே இது நடக்கிறது. ஏன் உயிரைப் பணயம் வைக்கிறீர்கள் என்று அவர்கள் பிரான்சிலிருந்து மீட்டு வந்த டூர்னே சீமாட்டி கேட்டபோது "விளையாட்டு, சீமாட்டி, விளையாட்டு" என்று ஆண்ட்ரூதானே சொன்னான்? அந்த விளையாட்டுக்கு விலை இது.

தமிழாசான்62:
"விளையாட்டு" என்றது ஆண்ட்ரூ அல்ல, டோனி பிரபு. இரண்டு பேரையும் ஒன்றாகக் குழப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது. எனக்கும் ஆண்ட்ரூவுக்கும் பழக்கம் ஏற்பட்டது நூலகத்தில், அட்டை கிழிந்த பிரதியில். அவ்வளவுதான்.

அப்புறம், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவிலிருந்து தொடங்காதீர்கள். இதை எழுதிய ஆர்க்ஸி அம்மையார் முதலில் நாடகமாகத்தான் மேடையேற்றினார், 1903-இல் நாட்டிங்ஹாமில். நாவலும் லண்டன் மேடையும் 1905-இல். அந்த நாவலை முடித்துவிட்டு அதே வரிசையில் மற்றவற்றுக்குப் போங்கள். 1913-இல் வந்த 'எல்டொராடோ'வை முதலில் எடுத்தால் மார்கரீத்தின் அண்ணன் அர்மான் செய்யும் துரோகம் முன்கூட்டியே தெரிந்து முதல் நூலில் அவன்மேல் இரக்கமே வராது. 1917-இல் வந்த 'லார்ட் டோனியின் மனைவி'யை இரவில் படிக்க வேண்டாம். பிரான்சின் நாந்த் நகரில் கைதிகளை லுவார் ஆற்றில் மூழ்கடித்தது சரித்திரத்தில் நிஜமாகவே நடந்தது. இன்னொன்று, கதையில் பெர்சியைத் துரத்தும் பிரெஞ்சு எதிரி ஷோவ்லானும் முழுக் கற்பனை அல்ல. அந்தப் பெயரில் ஒரு பிரெஞ்சுத் தூதர் லண்டனில் இருந்தார். 16-ஆம் லூயியின் தலை விழுந்ததும் 1793 ஜனவரியில் பிரிட்டன் அவரை வெளியேற்றியது. எனவே பக்கத்தில் ஒரு சரித்திரப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

அரைத்தூக்கம்:
கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி யார் கேட்டது ஐயா?

நடுப்பக்கம்:
சண்டை போடுங்கள், நான் என் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெர்சியைக் காட்டிக்கொடுத்தவள் தான்தான் என்று மார்கரீத் ஆண்ட்ரூவிடமே வந்து சொல்கிறாள். அவன் திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. பெர்சியைக் காப்பாற்ற பிரான்சுக்குக் கிளம்பிய அவளிடம் சேவகன் வேடம் போட்டுக்கொண்டு டோவரில் வந்து நிற்கிறான். புயல்காற்று, படகு கிளம்பாது. 'சர்' பட்டம் உள்ள மனிதன் ஒரு பெண்ணுக்குப் பின்னால் வேலைக்காரனாக நின்று காற்று ஓயக் காத்திருக்கிறான். "ஒருவர் கட்டளையிட, பத்தொன்பது பேர் கீழ்ப்படிய" என்பது அவர்கள் சங்கத்துக் கணக்கு. கட்டளை இல்லாமலே அவன் செய்தது இது.

இதற்கு அவனுக்குக் கிடைத்தது என்ன? கடைசிப் பத்தியில் டூர்னே சீமாட்டியின் மகள் சூசானோடு கல்யாணம். வேல்ஸ் இளவரசரே வருகிறார். ஆனால் அங்கே மிக அழகி மார்கரீத்தாம். ஊரே பல நாள் பேசியது பெர்சி போட்டிருந்த உடையைப் பற்றியாம். மாப்பிள்ளை என்ன உடுத்தியிருந்தான் என்று ஒரு வரி இல்லை. சொந்தக் கல்யாணத்தில்கூடவா!