1967ஆம் ஆண்டுப் படைவீரர் கத்தி: சட்டைப்பைக்கா, அலமாரிக்கா?

லுசேர்ன்வாசி:
சூரிச்சில் பூர்க்லிபிளாட்ஸ் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு முதியவரிடம் பேனாக்கத்தி வாங்கினேன். விக்டோரினாக்ஸ் செய்த சுவிஸ் படைவீரர் கத்தி. பெரிய அலகின் அடியில் 67 என்ற அச்சு. வெள்ளி நிற அலுமினியப் பிடி, சிவப்புக் கேடயத்தில் சிலுவை. அலகு சாணை கண்டதாகவே தெரியவில்லை. டப்பா திறப்பானின் நுனியில் மட்டும் லேசான கீறல். எனக்குக் கிடங்கில் வேலை. நாள் முழுவதும் அட்டைப்பெட்டியும் கயிறும்தான். இதை அங்கே எடுத்துச் செல்லலாமா? கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொல்கிறார் மனைவி.

பழையகத்தி:
தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள் தம்பி. நானும் சேகரிப்பவன்தான், அதனால்தான் சொல்கிறேன். இந்த மாதிரி 1961இல் வந்து 2008 வரை படையில் இருந்தது. சேவை முடிந்த பிறகும் கத்தி வீரரிடமே தங்கிவிடும். அதனால்தான் சந்தைக்குச் சந்தை கிடைக்கிறது. அலகு, குத்தூசி, டப்பா திறப்பான், மூடி திறப்பான் என்று நான்கே கருவிகள். மது பாட்டிலின் தக்கையை இழுக்கும் திருகு இதில் கிடையாது. அது 1897இல் வந்த அதிகாரிக் கத்தியில்தான் உண்டு. அதையும் படை கொடுக்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். உங்களுடையது வேலைக்கென்றே பிறந்தது. துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம். வியர்வைக்கும் மழைக்கும் அசையாது.

அலமாரிக்கு உரியது வேறு. படையின் முதல் கத்தியான 1890 மாதிரி கிடைத்தால் பையில் போட்டுவிடாதீர்கள். கறுப்பேற்றிய ஓக் மரப் பிடி, துருப்பிடிக்கும் எஃகு. முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து வந்தவை. அத்தனையையும் செய்து கொடுக்கும் பட்டறை அன்று சுவிட்சர்லாந்தில் இல்லை. பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆன பட்டறையைத் தொடங்கிய, ஈபாக் ஊரைச் சேர்ந்த கார்ல் எல்செனர் அந்த வேலையைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். அப்படிப்பட்ட ஒன்றில் ஈர விரல் பட்டாலே எனக்கு மனம் பதறும்.

பெர்ன்சேகரம்:
எனக்கு உடன்பாடில்லை. 67 அரியதல்ல, சரி. ஆனால் சாணை காணாத 67 அரியதுதான். தொழிற்சாலை போட்ட விளிம்பை ஒருமுறை தேய்த்துவிட்டால் பிறகு எந்தக் காசுக்கும் திரும்பாது. அட்டைப்பெட்டி வெட்டினால் கூர் விரைவில் மழுங்கும், சாணைக்கல்லை எடுத்தே ஆக வேண்டும். இதே 93 மில்லிமீட்டர் அளவில் 'பயோனியர்' என்று விக்டோரினாக்ஸ் இன்றும் விற்கிறது, கருவிகளும் ஏறத்தாழ அவையே. அதைக் கிடங்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பழையகத்தி:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. விற்கும் எண்ணம் இருந்தால் அவர் வழியே சரி. ஆனால் கேட்டவர் விற்பதற்காக வாங்கியதாக எங்கும் எழுதவில்லையே.

எடுத்துச் செல்வதானால் ஒன்று: சாவிக்கொத்து இருக்கும் பையில் போடாதீர்கள். பிடியில் நெய்தது போன்ற வரிகள் இருக்கின்றன அல்லவா, சாவி உரசினால் அவற்றின் முகடுகள் தேய்ந்து பளபளக்கும். சிலுவையைச் சுற்றியுள்ள சிவப்பும் உதிரும். சட்டைப்பையின் பஞ்சும் அட்டைத் தூளும் மூட்டுக்குள் சேர்ந்து கறுப்பாகும். இளஞ்சூட்டு நீருக்குள் வைத்தே ஒவ்வொரு கருவியையும் பலமுறை திறந்து மூடுங்கள், கரைந்து வந்துவிடும். நன்றாகக் காயவைத்து மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். தீட்டும்போது ஒரு பக்கத்துக்கு 20 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டாம். மின்சாரச் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சில நொடிகளில் அலகில் பாதியைத் தின்றுவிடும்.

லுசேர்ன்வாசி:
இருவருக்கும் நன்றி. கிடங்கில் அட்டை வெட்ட அங்கே தரும் பிளேடு கத்தியே போதும். பழம் நறுக்க, நூல் அறுக்க, திறப்பானின் நுனியால் திருகாணி முடுக்க இது என் பையில் இருக்கும். இன்னொன்று: அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட்டில் அக்கா வீட்டுக்கு ரயிலில் போகிறேன். கொண்டுபோகலாமா?

பழையகத்தி:
ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை ஜெர்மனியில் தக்க காரணமின்றிக் கையோடு வைத்திருக்கக் கூடாது. 2008க்குப் பின் வந்த புதிய படைக்கத்தி அந்த வகை. உங்களுடையதற்கு இரு கை வேண்டும், பூட்டும் கிடையாது. அந்த விதியில் சிக்காது. ஆனால் 2024 இறுதியில் வந்த சட்டப்படி தொலைதூர ரயில்களிலும் பொது விழாக்களிலும் எல்லாக் கத்திகளுக்கும் தடை. சட்டைப்பையில் வேண்டாம். பெட்டிக்குள், சட்டென்று எடுக்க முடியாதபடி மூடி வையுங்கள்.

பெர்ன்சேகரம்:
பூட்டுள்ள பெட்டியானால் இன்னும் நல்லது. புறப்படும் முன் அலகின் இரு பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி, தீட்டாத 67ஐப் பார்க்க ஆசை.