பட்டனை அழுத்துனா அது ஆன் ஆச்சா, ஆஃப் ஆச்சா? அப்பச்சிக்கு என்ன பதில் சொல்றது

பள்ளத்தூரான்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சென்னையில வேலை, அப்பச்சியும் (எங்க பக்கம் அப்பாவ அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆத்தாவும் ஊர்லதான் இருக்காக. அப்பச்சிக்கு 72 வயசு. எங்க பங்காளிக படைப்புக்கு (முன்னோருக்குப் படைச்சுக் கும்புடுறது) வரவு செலவு, புள்ளிக் கணக்கு (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) எல்லாம் அவருதான் பாக்குறாரு, முப்பது வருசமா நோட்டுலயே எழுதிக்கிட்டு இருந்தவரு போன தீபாவளிக்கு எக்செல் கத்துக்கணும்னு ஆசைப்பட்டாரு, சரின்னு ஒரு டெஸ்க்டாப் வாங்கி வளவுல ஒரு அறையில செட் பண்ணிக் குடுத்துட்டு வந்தேன்.

எக்செல்ல ஒரு பிரச்சினையும் இல்ல, கூட்டல் ஃபார்முலா எல்லாம் என்னையவிட நல்லாப் போடுறாரு. பிரச்சினை பூராம் பொட்டிக்கு வெளிய இருக்க பட்டன்லதான்.

போன வாரம் நடந்தது. கணக்கு முடிச்சுட்டு மானிட்டர் பட்டனை அழுத்தியிருக்காரு. (அந்த மானிட்டர்ல பட்டன் கண்ணுக்கே தெரியாது, கீழ்விளிம்புக்கு அடியில வெரலை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்கணும், எந்தப் புண்ணியவான் யோசனையோ.) திரை கறுப்பாயிருச்சு, கம்ப்யூட்டர ஆஃப் பண்ணியாச்சுன்னு நெனச்சுக்கிட்டு பிள்ளையார்பட்டி போயிட்டு சொந்தக்காரவுக வீட்டுல தங்கி மூணு நாள் கழிச்சு வந்திருக்காரு. சிபியூ மூணு நாளும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. வந்து ஆன் பண்றோம்னு சிபியூ பட்டனை ஒரு தட்டு தட்டுனாரு, அது தூங்கப் போயிருச்சு. திரையில ஒண்ணும் வரல. திரும்பத் தட்டுனாரு, எந்திரிச்சிருச்சு, ஆனா மானிட்டர் ஆஃப்ல இருக்கே, அப்பவும் ஒண்ணும் தெரியல. சரியா அமுங்கல போலன்னு நல்லா அழுத்திப் பிடிச்சிருக்காரு. அம்புட்டுதான், உசுரு போயிருச்சு. சேவ் பண்ணாத ரெண்டு பக்கக் கணக்கும் அதோட போச்சு.

போன் போட்டு என்னைத் திட்டல, ஒரு கேள்விதான் கேட்டாரு. "ஏண்டா தம்பி, நம்ம வீட்டுல ஐயா காலத்துக் கறுப்பு சுவிட்சு இன்னும் இருக்கு. கீழ இருந்தா எரியுது, மேல இருந்தா அணைஞ்சிருக்கு, இருட்டுல கை வச்சாக்கூட வெரலுக்குத் தெரியும். இந்தப் பட்டனை அழுத்துனா திரும்ப மேல வந்து முன்ன இருந்த மாதிரியே உக்காந்திருக்கு. அது இப்ப ஆனா ஆஃபான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

எனக்கு வாயில பதிலே வரல. கம்ப்யூட்டர் செய்யிறவங்க சாதாரண ஆளுகளை நெனச்சுத்தான் இந்தப் பட்டனெல்லாம் வைக்கிறாங்களா, இல்ல நம்மதான் பழகிக்கணுமா?

மூணாங்கட்டு:

இதுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ பெரிய கத. டேப்லெட் வாங்கிக் குடுங்க, ஒரே பட்டன், வேல முடிஞ்சுது.

பள்ளத்தூரான்:

டேப்லெட்டுலயும் அதே ஒரு பட்டன்தான் தம்பி, தட்டுனா ஒண்ணு பிடிச்சா ஒண்ணு. அதுவுமில்லாம 400 புள்ளி லிஸ்ட்ட கண்ணாடித் திரையில தட்டித் தட்டி டைப் அடிக்கச் சொன்னா என்னைய வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு.

காரைக்குடி சர்வீஸ்:

தம்பி, அப்பச்சி கேட்டது நூத்துக்கு நூறு சரி, அதுக்குக் காரணமும் இருக்கு. நான் தொழிலுக்கு வந்தப்ப 486னு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருந்த காலம், அதுல முன்னாடி இருந்தது நெசமான சுவிட்சு, சிபியூ பின்னாடி இருந்து தடிவயர் முன்பக்கம் வரைக்கும் வந்து 230 வோல்ட் அந்த சுவிட்சு வழியாத்தான் போகும், அழுத்துனா டக்குன்னு உள்ள போயி நிக்கும், திரும்ப அழுத்துனா வெளிய வரும், பாத்தாலே தெரியும். விண்டோஸ் 95ல ஷட்டவுன் குடுத்தா "இப்ப நீங்க ஆஃப் பண்ணிக்கலாம்"னு ஆரஞ்சு எழுத்துல வந்து நிக்கும், நம்மதான் கையால அணைக்கணும், பழைய ஆளுகளுக்கு ஞாபகம் இருக்கும்.

1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்னு புது அமைப்பைக் கொண்டாந்தாங்க, அதுலதான் கதை மாறுச்சு. இப்ப முன்னாடி இருக்கிறது சுவிட்சே இல்ல, காலிங் பெல்லு. நீங்க பெல் அடிக்கிறீங்க, கதவைத் தொறக்கிறதா வேணாமான்னு உள்ள இருக்கவன் முடிவு பண்றான். பட்டனை அழுத்துனா மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் போகும், அவ்வளவுதான், அது ஓடுதா தூங்குதா செத்துக் கெடக்கான்றதைப் பொறுத்து ஒவ்வொண்ணு நடக்கும். நாலு செகண்டு பிடிச்சா மட்டும் விண்டோஸ் பேச்சைக் கேக்காம கரண்ட நிறுத்திரும், அது ஆபத்துக்கு வச்சது, உங்க அப்பச்சி தெரியாம அதைத்தான் பண்ணிட்டாரு. நெசமான சுவிட்சு வேணும்னா சிபியூவுக்குக் கரண்ட் குடுக்குற பொட்டி இருக்கே, எஸ்எம்பிஎஸ், அதோட பின்பக்கம் பாருங்க, கோடும் வட்டமும் போட்டு ஒண்ணு இருக்கும். ஆனா அதை சுவத்தைப் பாக்க வச்சிருப்போம், வீட்டு முன்பக்கப் பட்டாலையில போட வேண்டிய பலகையக் கொல்லையில போட்ட கணக்கா.

அதே காலத்து கேபினட்டுல டர்போன்னு ஒரு பட்டன் இருக்கும், வேகமாப் போகும்னு எல்லாரும் அமுக்குவாங்க, ஆனா அது இருந்ததே பழைய கேம் எல்லாம் தறிகெட்டு ஓடாம இருக்க மெஷின மெதுவாக்கத்தான், பேரை மட்டும் தலைகீழா வச்சுட்டாங்க. பேரு வைக்கிறதுல இவங்களுக்கு அப்பவே கொஞ்சம் கோளாறுதான்.

ஆனா எல்லாத்தையும் குத்தம் சொல்ல மாட்டேன், மைக்குக்கு ரோஸு ஸ்பீக்கருக்குப் பச்சைன்னு 99ல மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் சேந்து கலர் குடுத்தாங்க பாருங்க, அது வந்த பிறகு பச்சைய பச்சையில சொருகுங்கன்னா எழுதப் படிக்கத் தெரியாத ஆளுகூட சொருகிரும், போன்ல சொன்னாலே போதும். லேப்டாப்புல அதையும் ஒரே ஓட்டையா ஆக்கிட்டாங்க, அது வேற கத.

மோசமான ஒண்ணு சொல்றேன். எஸ்எம்பிஎஸ் பின்னாடி செவப்புக் கலர்ல குட்டியா ஒரு சுவிட்சு, 115 - 230ன்னு எழுதியிருக்கும், புது மாடல்ல நெறைய எடுத்துட்டாங்க, வெல கம்மி சப்ளையில பல வருசம் வந்துச்சு. அமெரிக்கா கரண்டுக்கு 115, நமக்கு 230. இங்க ஒரு ஆபீஸ்ல தூசி தட்டவந்த பையன் ஸ்குரூடிரைவரால அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டான், மறுநாள் காலையில பிளக்கைப் போட்டதும் டமார்னு ஒரு சத்தம், ரூம் பூராம் கருகுன வாடை. நான் போயி பாத்தா கெப்பாசிட்டர் வெடிச்சு எஸ்எம்பிஎஸ் உள்ள பஞ்சு மாதிரி தெறிச்சுக் கெடக்கு. தள்ளுனா வெடிக்கிற சுவிட்ச நகம் பட்டா நகர்ற மாதிரி வச்சவன, நான் என்னத்தச் சொல்ல.

அப்புறம் லேப்டாப். வாரத்துக்கு ரெண்டு பேராவது "வைஃபை போயிருச்சு"ன்னு தூக்கிட்டு வருவாக. வேற ஒண்ணுமில்ல, சத்தத்தைக் கூட்டப்போயி பக்கத்துல இருக்க ஏரோபிளேன் படம் போட்ட கட்டையத் தட்டியிருப்பாக. அதைத் திருப்பித் தட்டிக் குடுத்துட்டு காசு கேக்க எனக்கே கூச்சமா இருக்கும், ஒரு டீ வாங்கித் தாங்கன்னு சொல்லிருவேன்.

தேவகோட்டை ஆச்சி:

எல்லாரும் பழைய சுவிட்ச ரொம்பத்தான் புகழுறீக. தம்பி, உங்க அப்பச்சி பொறந்து வளந்த வீடு அது, அவருக்கு இருட்டுல கை வச்சாத் தெரியத்தான் செய்யும். நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல எங்க மாமியார் வீட்டு முகப்புல ஒரே பலகையில ஒம்போது சுவிட்சு, ஒம்போதும் ஒரே மாதிரி, மேல ஒரு எழுத்துக் கெடையாது. முகப்பு லைட்டப் போடுறேன்னு தட்டுனா ரெண்டாங்கட்டுல எரியும், அங்க படுத்திருக்க பெரியவுக "யாரது"ன்னு சத்தம் போடுவாக. "இடதுபக்கம் இருந்து மூணாவது ஆச்சி, அதுகூடத் தெரியலயா"ன்னு மாமியார் சொல்லுவாக. ஆறு மாசம் டார்ச்சு கையில வச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். அதனால, தன்னால வெளங்குதுன்னு நீங்க சொல்றதெல்லாம் பாதிக்கு மேல பழகுனதுதான்.

மேல கீழங்கிறதுகூட அப்படித்தான். எங்க மகன் அமெரிக்காவுல இருக்கான், அங்க மேல தூக்குனாத்தான் எரியுமாம். ஊருக்கு வந்தான்னா முதல் ரெண்டு நாள் எல்லா சுவிட்சையும் தப்பாத்தான் தட்டுவான்.

நான் பலகாரம் போட்டு அனுப்பிக்கிட்டு இருக்கேன், மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், ஆர்டர் எல்லாம் கம்ப்யூட்டர்லதான். பில்லு அடிக்க பிரிண்டர் வயர், பென்டிரைவு சொருகுறதுக்குள்ள உசுரு போகும், ஒருதரம் போட்டா போகாது, திருப்பிப் போட்டா போகாது, மறுபடி முதல்ல போட்ட மாதிரியே போட்டா போகுது, அது என்ன மாயமோ. கடைசியில ஒட்டுற பொட்டு ஒண்ண எடுத்து பென்டிரைவு மேல்பக்கம் ஒட்டுனேன், ஓட்டைக்கு மேல ஒண்ணு ஒட்டுனேன். பொட்டும் பொட்டும் ஒரு பக்கம் பாத்தா சரி. சிபியூ பட்டனுக்கு செவப்புப் பொட்டு, மானிட்டர் பட்டனுக்கு நேர் மேல பச்சைப் பொட்டு. எங்கிட்ட வேலை செய்யிற பொண்ணுக யாரும் இப்ப என்னைய வந்து கேக்குறதில்ல. அப்பச்சிக்கும் பண்ணிக் குடுங்க, ஆத்தாகிட்ட பொட்டு இல்லாமலா இருக்கும்.

கோட்டையூர் டு சிங்கப்பூர்:

ஆச்சி பொட்டு ஐடியா சூப்பர் 🙏 நாங்க ஆபீஸ்ல லேபிள் மெஷின் வாங்கி ஒட்டுறோம், அதுக்கு இது எவ்வளவோ மேல்.

அந்த யூஎஸ்பி மாயத்துக்கு ஒரு வெவரம். பிளக்குல சூலம் மாதிரி ஒரு சின்னம் இருக்கும்ல, அது எந்தப் பக்கம் இருக்கோ அதுதான் மேல்பக்கம்னு விதி. ஆனா சிபியூவ நட்டமா நிக்க வச்சு ஓட்டையும் நட்டமா வந்தா எது மேல எது கீழ, அங்கதான் விதி செல்லாம போயிருது. யூஎஸ்பிய உருவாக்குன டீம்ல முக்கியமான ஆளு நம்ம குஜராத்துல பொறந்த அஜய் பட், இன்டெல்ல இருந்தவரு. ரெண்டு பக்கமும் போற மாதிரி செஞ்சிருந்தா வயரும் சர்க்கியூட்டும் கூடி செலவு ஏறியிருக்கும், அதனாலதான் செய்யலன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. 1996ல வந்த யூஎஸ்பிக்கு எப்படிச் சொருகுனாலும் போற டைப் சி வர 2014 ஆயிருச்சு. நடுவுல எத்தனை கோடிப் பேரு மூணு மூணு தடவ திருப்பியிருப்பாங்க யோசிங்க.

பவர் பட்டன்ல இருக்க படமும் அதே ரகம்தான். கோடுன்னா 1, ஆன். வட்டம்னா 0, ஆஃப். வட்டத்தை ஒடச்சு நடுவுல கோடு விட்டா முழுசா அணையாம அரைத்தூக்கத்துல இருக்குன்னு அர்த்தம். எங்க ஆபீஸ் எஞ்சினியர்களையே கேட்டுப் பாருங்க, பத்துல ஒம்போது பேரு அதை ஒரு டிசைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

பள்ளத்தூரான் அண்ணே, உங்களுக்கு வேலையாகுற மாதிரி ஒண்ணு: கண்ட்ரோல் பேனல் போயி பவர் ஆப்ஷன்ஸ்ல "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ"ன்னு இருக்கும், அதைத் தொறந்து "டூ நத்திங்" குடுத்துருங்க. அப்புறம் ஓடிக்கிட்டு இருக்கப்ப அப்பச்சி தெரியாம தட்டுனாலும் ஒண்ணும் ஆகாது, அணைஞ்சிருந்தா மட்டும் ஆன் ஆகும். அழுத்திப் பிடிக்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கும், அதை மாத்த முடியாது. எக்செல்ல ஆட்டோ ரெக்கவர் நேரத்தையும் ரெண்டு நிமிசமாக் கொறச்சு வைங்க.

பள்ளத்தூரான்:

சனிக்கிழமை ஊருக்குப் போயி எல்லாத்தையும் பண்ணிட்டேன். டூ நத்திங் போட்டாச்சு, ஆட்டோ ரெக்கவர் ரெண்டு நிமிசம், சிபியூல செவப்புப் பொட்டு, மானிட்டர்ல பச்சை. பச்சைப் பொட்டு ஆத்தாகிட்ட இல்ல, தங்கச்சி மகள்கிட்ட இருந்து வாங்கி ஒட்டுனோம், அது பூப்போட்டு ஜிகினா வச்சது, அப்பச்சி ஒரு மாதிரி பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. காலிங் பெல் வெளக்கத்தை அப்படியே சொன்னேன் சர்வீஸ் அண்ணே, "அப்ப உள்ள இருக்கவன் தொறந்தானா இல்லையான்னு நமக்கு ஒரு சத்தமாவது குடுக்கணும்ல"ன்னுட்டாரு. மூணாவது சுவிட்சு கதைய படிச்சுக் காட்டுனேன் ஆச்சி, ஆத்தா அதுக்கு ரொம்ப நேரம் சிரிச்சாக, எங்க வீட்டுலயும் அப்படித்தான் நடந்துச்சாம், அப்பச்சிக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

இப்ப புதுசா ஒண்ணு. இன்னைக்குக் காலையில இருந்து எக்செல்ல அம்புக்குறி கட்டைய அழுத்துனா கட்டம் விட்டுக் கட்டம் போக மாட்டேங்குது, ஷீட்டே மொத்தமா நகருதுங்கிறாரு. நான் வேற சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். "நான் ஒரு பட்டனையும் தொடல"ன்னு சத்தியம் பண்றாரு.

காரைக்குடி சர்வீஸ்:

ஸ்க்ரோல் லாக் தம்பி. கீபோர்டுல வலது மேல் மூலையில, பிரிண்ட் ஸ்கிரீனுக்குப் பக்கத்துல இருக்கும், ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க. பேப்பர் வெயிட்ட அது மேல வச்சிருப்பாரு.

பள்ளத்தூரான்:

தட்டுனாரு, சரியாயிருச்சு. பேப்பர் வெயிட் இல்லண்ணே, கண்ணாடிக் கூடு. "நம்பர் லாக்குக்கு லைட்டு எரியுது, கேப்ஸ் லாக்குக்கு எரியுது, இதுக்கு மட்டும் ஏன் எரியல"ன்னு கேக்குறாரு. இந்த கீபோர்டுல அதுக்கு லைட்டே வைக்கல. தங்கச்சி மகள்கிட்ட இன்னொரு பொட்டு கேட்டிருக்கேன்.