காற்றுத் தரத் தரவு நிறுவனத்துக்கு ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்: நேர்காணலில் எதைச் சோதிப்பது?

கேள்வி: வளசரவாக்கத்தான்
வணக்கம். சென்னையில் பல இடங்களில் வைத்துள்ள சிறு கருவிகளிலிருந்து பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்கள்) அளவீடுகளைத் திரட்டி, பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இணையத்தில் காட்டுகிறோம். இப்போது முதல்முறையாக ஒரு ஃபுல் ஸ்டாக் டெவலப்பரை (இணையதளத்தின் திரைப் பகுதி, சர்வர் பகுதி இரண்டையும் எழுதும் நிரலாளரை) வேலைக்கு எடுக்கவிருக்கிறோம். விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் ரியாக்ட், நோட் என்று நிரல் கருவிகளின் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. எங்கள் பணிக்குப் பொருந்துபவரை எப்படி அறிவது? சுற்றுச்சூழல் படித்தவராகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: கடலோரம்
பட்டம் தேவையில்லை ஐயா. உங்கள் கருவி ஒன்றின் ஒரு வாரப் பதிவை, மின்தடையால் விடுபட்ட மணிநேரங்களையும் பொருளற்ற எதிர்மறை எண்களையும் நீக்காமல் அப்படியே கொடுத்து, வரைபடமாக்கித் தரச் சொல்லுங்கள். விடுபட்ட இடத்தைச் சுழியாக வரைபவரை நான் எடுக்க மாட்டேன்; சுழி என்றால் காற்று தூய்மையாக இருக்கிறது என்று பொருள், அதை நம்பி ஆஸ்துமா உள்ள பிள்ளையை விளையாட அனுப்பும் தாய் இருக்கிறார். தினசரிச் சராசரியையும் கேளுங்கள். யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி நாளைப் பிரித்தால் நம் நாள் காலை 5.30 மணிக்குத் தொடங்கும். தீபாவளி நள்ளிரவுக்குப் பிந்தைய புகை முழுவதும் முந்தைய நாளின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பதில்: தரவுக்காரி
மேற்சொன்னதை ஏற்கிறேன். காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிட மூன்று மாசுக்களின் அளவீடுகளாவது வேண்டும், அவற்றுள் ஒன்று பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள்) ஆக இருக்க வேண்டும், 24 மணிநேரச் சராசரிக்கு 16 மணிநேரத் தரவாவது தேவை என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. இதை நிரலாக எழுதச் சொல்லி, தரவு போதாதபோது திரையில் என்ன காட்டுவார் என்று கேளுங்கள்.

சேமிப்பு பற்றியும் பேசுங்கள். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் 100 கருவிகளுக்கு ஆண்டில் 5 கோடி வரிசைகளுக்கு மேல் வரும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் காலவாரியாகப் பிரித்து வைக்கத் தெரிந்தவர் வேண்டும். ஒளிச்சிதறலால் அளக்கும் மலிவுக் கருவிகள் ஈரப்பதம் கூடினால் மிகையாகக் காட்டும் என்பதால், சென்னையில் திருத்தச் சூத்திரம் கட்டாயம் தேவைப்படும், அது அவ்வப்போது மாறவும் செய்யும். மூல அளவீட்டின் மீதே திருத்திய எண்ணை எழுதிவிடுபவர், பழைய ஆண்டுகளை மறுபடி கணக்கிடும் வழியையே அடைத்துவிடுகிறார்.

பதில்: நிரல்வழி
ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சூத்திரத்தை உருவாக்குவது காற்றியல் அறிந்தவரின் வேலை. டெவலப்பர் தலையில் அதையும் கட்டாதீர்கள், வேலை விளம்பரத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சோதனை அரை நாளைத் தாண்டினால் அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்துவிடுங்கள்.