மழைக் குறிப்பேட்டை மறுபடியும் திறந்தபோது

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து:

விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பப் பிடித்த அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நடைப்பயிற்சியைப் பற்றியும் யோகாசனத்தைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். நான் விட்டுவிட்டுப் பிடித்தது மழை அளக்கும் பழக்கம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, 1998-இல், வேளாண் பயிற்சி ஒன்றில் எனக்கு மழைமானி ஒன்று கிடைத்தது. 200 சதுர சென்டிமீட்டர் வாய்ப் பரப்புள்ள புனல், அதன் அடியில் நீர் சேரும் புட்டி, அளப்பதற்குக் கோடு போட்ட குவளை ஆகியவை மட்டுமே அதன் உறுப்புகள். அந்தப் பரப்புக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை என்பது கணக்கு. காலை 8.30 மணிக்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேரத்து மழையாக அன்றைய தேதியிலேயே குறிக்க வேண்டும் என்பது வானிலைத் துறையின் முறை. இந்தத் தேதிக் கணக்கை மட்டும் ஊரில் ஒருவருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. "நேத்து ராத்திரி பேஞ்சத இன்னிக்குப் பேஞ்சதா எழுதுறீங்களே, சார்" என்று சத்துணவுச் சமையலர் அம்மாவே என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஆனாலும் அந்தக் குறிப்பேட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டாயிற்று. 'ஒரு உழவு மழை' என்று மட்டுமே பேசி வந்தவர்கள், நிலக்கடலை விதைப்பதற்கு முன்னால் "எத்தனை மில்லி, சார்?" என்று திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். 21 ஆண்டுகளில் ஏழு நோட்டுகள் நிரம்பின.

2019 செப்டம்பரில் என் மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகச் சேலத்தில் மகள் வீட்டில் 40 நாள்கள் தங்க நேர்ந்தது. திரும்பி வந்து பார்த்தபோது புட்டியில் முக்கால்வாசி நீரும், அதில் ஊறிக் கறுத்துப்போன புங்க இலைகளும், செத்து மிதந்த இரண்டு வண்டுகளும் இருந்தன. அந்த நீரில் எந்த நாளின் மழை எவ்வளவு, வெயிலில் ஆவியாகிப் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. நோட்டைத் திறந்தேன். நாற்பது வரிகள் வெறுமையாகக் கிடந்தன. மனைவியைக் கவனிக்க வேண்டியிருந்தது என்று காரணம் சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையில் என்னைத் தடுத்தவை அந்த வெற்று வரிகள்தான். 21 ஆண்டுக் கோவை ஒன்றில் ஓட்டை விழுந்துவிட்ட பிறகு அதற்கு மேல் எழுதி என்ன பயன் என்று தோன்றிவிட்டது. முதல் தேதியிலிருந்து தொடங்கலாம் என்றேன். பிறகு புத்தாண்டிலிருந்து என்றேன். பிறகு தை பிறக்கட்டும் என்றேன். ஓராண்டுக்குள் அந்தப் புனல் சமையலறைக்குப் போய், கடலை எண்ணெயை டின்னிலிருந்து புட்டிக்கு ஊற்றப் பயன்பட்டது. அளவுக் குவளையில் பேத்தி பென்சில்களைப் போட்டு வைத்தாள்.

அதன் பிறகு ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், வலுவிழந்து மெதுவாக உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்து எங்கள் தலைக்கு மேல் கொட்டியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். ஆண்டு முழுவதற்குமே சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெறுகிற மாவட்டம் இது. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகள் பொம்மைகளைப் போல அடித்துச் செல்லப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மழை விட்ட மறுநாள் டீக்கடையில் நின்றிருந்தேன். என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன், இப்போது டிராக்டர் ஓட்டுகிறவன், எல்லோர் முன்னிலையிலும் கேட்டான்: "ஊத்தங்கரைல அம்பது சென்டியாம். நம்ம ஊர்ல எவ்ளோ, சார்?" கடையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அளப்பதை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. 5 மில்லிமீட்டர் தூறலையெல்லாம் 21 ஆண்டுகள் அக்கறையாக எழுதி வைத்தவன், என் ஆயுளில் பார்த்த மிகப் பெரிய மழை பெய்த இரவில் அளவியைச் சமையலறையில் வைத்திருந்தேன்.

அன்று மாலை பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். வெட்டவெளியில் பாதியாக அறுத்த நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று விளிம்பு வரை நிரம்பி நின்றது. செங்குத்தான சுவருள்ள பாத்திரம் என்றால் நீரின் உயரமே மழையின் அளவு. வேறு கணக்கு வேண்டியதில்லை. ஸ்கேலை விட்டுப் பார்த்தேன், 43 சென்டிமீட்டர் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பீப்பாயாயிற்றே, அதில் முன்பே எவ்வளவு இருந்தது என்று தோட்டக்காரரைக் கேட்டேன். "அதையெல்லாம் யாருங்க பாத்தது?" என்றார். நிரம்பி வழிந்ததா, எத்தனை மணிக்கு நிரம்பியது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

புனலை எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, 2025 ஜனவரி 6-ஆம் தேதி பழைய மேடையிலேயே வைத்தேன். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஜனவரியில் எங்கள் பகுதியில் பெரும்பாலும் மழை இருக்காது. முன்பெல்லாம் மழை பெய்த நாளில் மட்டுமே நோட்டை எடுப்பேன், ஆகவே ஒவ்வொரு கோடையிலும் பழக்கம் தளர்ந்துபோய், முதல் மழை வரும்போது குவளையைத் தேடுவதே ஒரு வேலையாக இருக்கும். இம்முறை காய்ந்த நாள்களிலும் 8.20 நகரப் பேருந்து வீட்டைத் தாண்டியதும் எழுந்து போய், காலிப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்து '0' என்று எழுதினேன். என் மனைவிக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "பெய்யாத மழையை அளக்கிறார்" என்று உறவினர்களிடமெல்லாம் தொலைபேசியில் சொன்னாள். ஆனால் ஏப்ரலில் முதல் கோடை மழை மாம்பிஞ்சுகளை உதிர்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில், நான் எதையும் தேடவில்லை. குவளை கையில் இருந்தது. 11.4 என்று எழுதினேன்.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து:

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்ததும், அதே டிசம்பரில் எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் நடந்ததைச் சொல்லத் தோன்றியது. நாங்கள் வெண்பட்டுக் கூடு எடுக்கிறோம். முதிர்புழுப் பருவத்தில் மனைக்குள் வெப்பம் 24 முதல் 26 டிகிரியும், ஈரப்பதம் 70 முதல் 75 சதவீதமும் இருப்பது நல்லது. தொடங்கிய காலத்தில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, மூன்று வேளை இலை போடும்போதும் இரண்டையும் சாக்பீஸால் எழுதி வந்தோம். நான்கைந்து பேட்ச் தொடர்ந்து நன்றாக வந்துவிட்டதும், உள்ளே நுழைந்தாலே உடம்புக்குத் தெரிந்துவிடும் என்ற தெம்பில் எழுதுவதை விட்டுவிட்டோம். பலகை இலைக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று.

புயல் மழைக்குப் பிந்தைய வாரத்தில், கூடு கட்ட நான்கு நாள்களே இருந்த நிலையில், புழுக்கள் தின்பதை நிறுத்தின. செத்தவை விறைத்து, மறுநாள் மேலெல்லாம் வெள்ளை பூத்து, எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்புக் குச்சி போல உடைந்தன. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வருகிற பூஞ்சை நோய் அது. சுண்ணாம்புத் தூள் தூவி, சன்னல்களைத் திறந்து, கரி அடுப்பு மூட்டி என்னென்னவோ செய்தும் பாதிக்கு மேல் போய்விட்டன. வந்து பார்த்த பெரியப்பா, "எந்த நாள்ல இருந்துடா ஈரம் ஏறுச்சு?" என்று கேட்டபோது, என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்புக்குத் தெரியும் என்றேனே, அந்த உடம்பும் அந்த வாரம் முழுவதும் நனைந்தேதான் கிடந்தது.

மறுபடி எழுதத் தொடங்கியது எளிதாக இல்லை. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் ஒரு வாரத்தில் நின்றது. மூன்றாவது முறை, மல்பெரித் தண்டு அறுக்கும் கொடுவாளைக் கரும்பலகை தொங்குகிற அதே ஆணியில் மாட்டினேன். பலகையை நகர்த்தாமல் கொடுவாளை எடுக்க முடியாது. இப்போது ஏழு பேட்ச்சாக எழுத்து நிற்கவில்லை. நேர்மையாகச் சொன்னால், பாதி நாள்களில் எழுதுகிறவள் என் மனைவி.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

ஐயா, விட்டுப்போன ஐந்து ஆண்டுகளுக்கும் ஊத்தங்கரை நிலையத்தின் அளவுகளை வாங்கி உங்கள் நோட்டில் நிரப்பிக்கொள்ளலாமே? பக்கத்து நிலையங்களை வைத்து விடுபட்ட நாள்களை மதிப்பிடுவது ஆய்வாளர்களும் செய்கிற வேலைதான். 21 ஆண்டுக் கோவை அப்படியே அறுந்து கிடப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

மீண்டும் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து:

தாங்கள் சொல்வது ஆய்வுக்குச் சரி. அவர்கள் மதிப்பீட்டை மதிப்பீடு என்றே குறிப்பிடுகிறார்கள். என் நோட்டில் என் கையெழுத்தில் ஏறிவிட்டால், பத்து ஆண்டு கழித்துப் புரட்டுகிறவருக்கு அது நான் அளந்த மழையாகத்தான் தெரியும். மேலும், எங்கள் பகுதியில் ஏரியின் இந்தக் கரையில் பெய்த மழை அந்தக் கரையில் பெய்திருக்காது. ஆகவே, 2019-இல் நின்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, 'அளக்கவில்லை' என்று எழுதி, இரு முனையிலும் தேதி போட்டுவிட்டேன். அந்தக் கோட்டை இழுப்பதற்குத்தான் எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. இழுத்த பிறகு நோட்டைத் திறக்கச் சங்கடமாக இல்லை. 2024 டிசம்பர் 2-க்கு மட்டும் தனியாக ஒரு வரி உண்டு: 'பக்கத்துத் தோட்டத்துப் பீப்பாயில் 43 செ.மீ. நீர்; முன்பிருந்த நீர் தெரியாது; வழிந்ததும் தெரியாது.'

இந்த ஆண்டும் விடுபடாமல் இல்லை. ஓசூரில் ஒரு திருமணத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பியபோது புட்டியில் 460 மில்லிலிட்டர் இருந்தது. முதல் இரண்டு தேதிகளையும் அடைப்புக்குறிக்குள் கட்டி, மூன்றாவதில் '23, மூன்று நாள் மொத்தம்' என்று எழுதினேன். பழைய ஆளாக இருந்திருந்தால் அத்தோடு அந்த மாதத்தை விட்டிருப்பேன்.

இன்னொன்று. டிராக்டர் ஓட்டுகிறவன் என்று எழுதினேனே, அவனும் இப்போது நேரான சுவருள்ள பழைய பெயிண்ட் டப்பா ஒன்றை வைத்து அளக்கிறான். என் அளவைவிட அவனுடையது எப்போதும் குறைவாகவே வருவதால் போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் வைத்திருந்தான். வெட்டவெளிக்கு மாற்றச் சொன்னேன். ஆடு தட்டிவிடும் என்று சொல்லி இன்னும் மாற்றவில்லை.