முதல் வில்லும் முப்பது கஜமும்

குழு: எங்கள் வீட்டார் (ரொறன்ரோ)

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான்: எல்லோருக்கும் வணக்கம். வேட்டைப் பயிற்சி வகுப்பின் தேர்வில் தேறிவிட்டேன். ஒக்ரோபர் 1ஆம் தேதி வில் பருவம் தொடங்குவதற்குள் ஒரு குறுக்குவில் வாங்க வேண்டும். சித்தப்பா, இது எப்படி?

நான்: [படம்]

நான்: வினாடிக்கு 470 அடி வேகம். விலையிலும் கழிவு கொடுக்கிறார்கள்.

அக்கா: வாழ்த்துகள் தம்பி! படத்தில் இருப்பது துப்பாக்கியா, வில்லா?

நான்: வில்தான் அக்கா. தோளில் அணைத்து, விசையை இழுத்து எய்வது.

அத்தான்: துப்பாக்கி உரிமம் தேவையில்லையா?

நான்: இதற்குத் தேவையில்லை அத்தான். 500 மில்லிமீற்றருக்கு மேல் நீளமில்லாததும் ஒற்றைக் கையால் எய்வதற்கென்று செய்ததும் கனடாவில் தடைசெய்யப்பட்டவை. இது அந்த வகையில் சேராது. ஆனால் வேட்டைக்குப் போக அரசாங்க அட்டையும் மான் அனுமதிச் சீட்டும் கட்டாயம் வேண்டும்.

சித்தப்பா: மகன், வாழ்த்துகள். இப்போது அந்தப் படத்தை மூடி வை. 470 என்ற எண்ணைப் பார்த்து வில் வாங்காதே. முதலில் ஒன்று சொல், அந்த வில்லை உன்னால் நாணேற்ற முடியுமா? கடையில் ஏற்றிப் பார்த்தாயா?

நான்: கடைக்காரர்தான் ஏற்றிக் காட்டினார்.

சித்தப்பா: அவர் உன்னோடு காட்டுக்கு வரப்போவதில்லை. அதிகாலை, கை விறைத்திருக்கும், தடித்த சட்டை போட்டிருப்பாய். அந்த நிலையில் கால்வளையத்தில் காலை வைத்து, குனிந்து, நாணை இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுத்து மாட்ட வேண்டும். ஒரு பக்கம் சற்றே கூடினாலும் அம்பு இடமோ வலமோ விலகும். அதனால்தான் நாணேற்றும் கயிறு. அது பாரத்தையும் பாதியாக்கும். 180 இறாத்தல் வில் உன் கைக்கு 90 இறாத்தலாகத் தெரியும்.

சித்தப்பா: ஒன்ராறியோ சட்டப்படி மானுக்கு 45 கிலோ இழுவிசை போதும், ஏறத்தாழ 99 இறாத்தல். கரடிக்கும் மூசு என்கிற பெரிய மானுக்கும்தான் 54 கிலோ. இன்று கடையில் தொங்குகிற பெரிய வில் எதுவும் இதைத் தாண்டியதுதான். பலம் போதாது என்ற கவலை உனக்கு வேண்டாம்.

பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு வேகமான அம்பு என்றால் எட்ட நின்றே எய்யலாம்தானே?

சித்தப்பா: அண்ணா, எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகும். பெரும்பாலான வில்லில் அம்பு 350, 400 அடிதான் போகும். மகன் காட்டியது 470 என்றாலும் சத்தத்தின் பாதிகூட இல்லை. 50 கஜம் என்றால் 150 அடி. நாண் விடுபட்ட சத்தம் மானின் காதை அடைய ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். அம்பு போய்ச் சேர அரை வினாடிக்குக் கிட்ட ஆகிவிடும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மான் என்ன செய்யும் தெரியுமா? பாய்ந்து ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழும். நெஞ்சைப் பார்த்து விட்ட அம்பு முதுகுப் பக்கம் போய் விழும். 20 கஜத்தில் அதற்குத் தாழ நேரமிருக்காது.

சித்தப்பா: ஆகவே உன் முதல் பருவத்துக்கு 30 கஜம். அதற்கு மேல் ஒரு கஜமும் வேண்டாம்.

சித்தி: மதியச் சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறீர்கள்? ஆறு மணிக்கு முன் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நாளை மறுநாள்.

அக்கா: நாங்கள் நான்கு பேர். பருப்பு நான் கொண்டுவருகிறேன்.

நான்: நானும் வருவேன் சித்தி. சித்தப்பா, அப்படியென்றால் எதை வாங்குவது? 900 டொலர் வைத்திருக்கிறேன்.

சித்தப்பா: அதில் 600க்கு மேல் வில்லுக்குப் போடாதே. மீதி அம்புக்கும் முனைக்கும் தூரமானிக்கும் பயிற்சிப் பலகைக்கும் வேண்டும். இரண்டு வகை வில் உண்டு. ஒன்றில் சக்கரமும் கம்பிவடமும் இருக்கும். ஒடுக்கமாக இருப்பதால் மறைகூடாரத்துக்குள் வசதி. ஆனால் நாண் மாற்றுவதற்கு அழுத்தும் கருவி வேண்டும், கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மற்றது வளைந்த கைகள் மட்டும் உள்ள பழைய முறை வில். இங்கே கிச்சனரில் எக்ஸ்காலிபர் நிறுவனம் 1983 முதல் அதைத்தான் செய்கிறது. அகலம் கூட, ஏற்றுவதும் கடினம். ஆனால் அறுந்த நாணை மரத்தடியில் உட்கார்ந்து நீயே மாற்றிவிடலாம். என்னிடம் இருப்பது அந்த வகை. உனக்கு முழங்கை வலி இருப்பதால், சக்கரம் வைத்த நடுத்தர வில்லைச் சொல்வேன்.

சித்தப்பா: பெரிய கடையிலும் பார், சிறிய வில் கடையிலும் பார். ஏற்று, தோளில் வை, குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண் வை. வெறும் வில்லை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. அம்பில்லாமல் விசையை இழுத்தால் அவ்வளவு பலமும் வில்லின் கைகளிலேயே இறங்கும். கை பிளக்கும், நாண் அறும், உன் முகத்துக்கும் ஆபத்து.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா: தம்பி, வீட்டில் என் பிள்ளைகள் வந்து ஓடி விளையாடுகிறார்கள். அதை எங்கே வைக்கப்போகிறாய்?

நான்: பூட்டுள்ள பெட்டியில், நாணிறக்கி, அக்கா. அம்புகள் வேறு அலமாரியில்.

சித்தப்பா: நல்லது. முனைகளையும் தனியாகப் பூட்டு. அவை சவர அலகுபோல் இருக்கும். மாட்டும்போது வெறும் விரலால் திருகாதே, அதற்கென்று ஒரு சிறு திறப்பு கொடுப்பார்கள்.

சித்தப்பா: விரல் என்று சொன்னபோதுதான் நினைவு வந்தது. [படம்]

அக்கா: ஐயோ! என்ன இது சித்தப்பா?

சித்தப்பா: எனது இடது பெருவிரல். பதினொரு ஆண்டுக்கு முன், இரண்டாம் நாள் பயிற்சியில். வில்லை முன்னால் தாங்குகிற கை, நாணும் அம்பும் ஓடுகிற தடத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். என் பெருவிரல் ஒரு நெல்மணி அளவுக்கு மேலே எட்டிவிட்டது. நாண் வந்ததைக் காணவில்லை, அடித்த பிறகும் முதலில் வலிக்கவில்லை. கீழே பார்த்தேன், கையுறையின் நுனி காலடிப் புல்லில் கிடந்தது. அதற்குள் நகமும் கிடந்தது.

சித்தி: நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ராசா, விரலைத் தடுக்கிற சிறகு பொருத்திய வில்லாகப் பார்த்து வாங்கு. இரண்டு டொலர் கூடினாலும் பரவாயில்லை.

நான்: கட்டாயம் சித்தி.

செப்டெம்பர் 6, சனி

நான்: வாங்கிவிட்டேன். [படம்] 185 இறாத்தல், வினாடிக்கு 360 அடி. விரல் தடுப்பு இருக்கிறது. கயிற்றால் நானே ஐந்து முறை ஏற்றினேன்.

நான்: [படம்] 20 கஜத்தில் மூன்று அம்பு.

அத்தான்: மூன்றும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும்போல இருக்கிறதே!

சித்தப்பா: அருமை மகன். ஆனால் இனிமேல் ஒரே புள்ளிக்கு இரண்டு அம்பு விடாதே. முன்னதன் வாலைப் பின்னது பிளந்துவிடும், ஓர் அம்பு 15 டொலர். மூன்று புள்ளி வரைந்து புள்ளிக்கு ஒன்றாக விடு.

சித்தப்பா: அம்பின் வால் எந்த வடிவம்?

நான்: பிறை வடிவம். வில்லோடு வந்த கையேட்டில் அதைத்தான் போட வேண்டும் என்று இருந்தது.

சித்தப்பா: கையேட்டைப் படித்தாயே, அது போதும். வால் பொருந்தாவிட்டால் நாண் அம்புக்கு மேலாக வழுக்கிப் போய்விடும். அதுவும் வெறும் வில்லை விட்டதற்குச் சமம். எடையும் கவனி. முனையோடு சேர்த்து 400 கிரெயினுக்கு, அதாவது ஏறத்தாழ 26 கிராமுக்கு, குறையாமல் இருக்கட்டும். பாரமான அம்பு மெதுவாகப் போகும், ஆனால் சத்தம் குறைவு, ஊடுருவல் கூட.

நான்: ஸ்கோப்பில் நான்கு கோடுகள் இருக்கின்றன. 20, 30, 40, 50 என்று வைத்துக்கொள்ளலாமா?

சித்தப்பா: கோடு உனக்குச் சொல்லாது, பலகைதான் சொல்லும். மேல்கோட்டை 20இல் சரிசெய். பிறகு 30க்கு நடந்து போய் இரண்டாம் கோட்டால் எய்து பார். விலகினால் ஸ்கோப்பின் வேக வளையத்தைத் திருப்பி ஒத்துவரச் செய். இதெல்லாம் பயிற்சி முனையோடு. கடைசியாக வேட்டை முனையை மாட்டித் திரும்பவும் எய். இரண்டும் 100 கிரெயின் என்றாலும், அலகு காற்றைப் பிடித்து வேறிடத்துக்குப் போகும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே.

நான்: விரியும் முனையா, நிலையான முனையா?

சித்தப்பா: நிலையானது, மூன்று அலகு. விரிவதற்குப் பலம் செலவாகாது. அகலம் 22 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் விற்பது பெரும்பாலும் அதைவிட அகலம்தான். நாணுக்கு மெழுகு பூச மறக்காதே.

பெரியப்பா: ஆண் மானின் கொம்பு கிடைத்தால் சுவரில் மாட்டலாமே?

சித்தப்பா: அண்ணா, அவன் முதலில் மானைக் காணட்டும்.

செப்டெம்பர் 20, சனி

நான்: சித்தப்பா, ஒரு கேள்வி. 40 கஜத்திலும் பலகையில் எல்லாமே வட்டத்துக்குள் விழுகின்றன. அப்படியும் 30தானா?

சித்தி: அவர் வேலையில் இருக்கிறார். நான் சொல்கிறேன். பலகை நகராது ராசா.

சித்தி: ஐந்து ஆண்டுக்கு முன் நவம்பரில் அவர் ஒரு மானை 52 கஜத்தில் எய்தார். அன்று இரவு முழுதும் வரவில்லை. மறுநாளும் லீவு போட்டுத் தேடினார். வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சித்தப்பா: இடைவேளையில் பார்த்தேன். உண்மைதான். அந்த மான் புல்லை மேய்ந்துகொண்டு நின்றது. நாண் சத்தத்துக்குத் தாழ்ந்து திரும்பியது. அம்பைக் கண்டெடுத்தேன். அதில் பச்சையாக ஒரு கறை, குடல் நாற்றம். அந்த நாற்றம் இருந்தால் எட்டு மணி நேரமாவது இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. மான் பக்கத்தில் எங்காவது படுத்துக்கொள்ளும். நான் அரை மணியில் விளக்கோடு பின்னால் போனேன். எழுப்பி ஓட விட்டுவிட்டேன். பத்து மணிக்கு மழை வந்து இரத்தத் தடத்தைக் கழுவியது. கிடைக்கவில்லை.

சித்தப்பா: அம்பு நெஞ்சில் பட்டிருந்தால் இரத்தம் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருக்கும். அரை மணி பொறுத்துப் போனால் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் கிடக்கும். கடும் சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். உன் கைபேசியில் எழுதி வைத்துக்கொள். அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், எதுவும் நினைவு வராது.

நான்: எழுதிவிட்டேன். 30 கஜம். மானின் பக்கவாட்டு முழுதாகத் தெரிந்தால், முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில்.

சித்தப்பா: அல்லது சற்றே அப்பால் திரும்பி நின்றாலும் சரி. முகம் பார்த்து நின்றால் விடாதே.

பெரியப்பா: தம்பி, மரத்திலா உட்காரப்போகிறாய்? எங்கள் வன்னியில் வயற்காவலுக்குப் பரண் கட்டி இருப்போம். பன்றி வந்தால் தகரம் தட்டுவோம். ஒருமுறை நித்திரையில் உருண்டு விழுந்த என் மச்சானுக்குக் கை முறிந்தது.

நான்: பரண்தான் பெரியப்பா. உடம்புக்குக் கச்சை கட்டி, தரையிலிருந்தே கயிற்றோடு பிணைத்துக்கொண்டு ஏறுவேன். வில்லை அம்பில்லாமல், பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொள்வேன்.

சித்தப்பா: ஏறி உட்கார்ந்ததும் வில்லின் இரண்டு கைகளும் எந்தக் கொப்பிலும் இடிக்காதா என்று பார். நாண் விடுபடும்போது கைகள் விரியும்.

ஒக்ரோபர் 4, சனி

நான்: [இரவு 7:58] பரணிலிருந்து இறங்கிவிட்டேன். பண்ணைக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

அக்கா: ஏதாவது?

நான்: ஐந்தேகாலுக்கு இரண்டு பெண் மான்கள் வந்தன. தூரமானியில் 22 கஜம். காதை ஆட்டியபடி மேப்பிள் சருகைக் காலால் கிளறின. ஒன்றின் மூக்கிலிருந்து மூச்சு புகையாக வருவதுகூடத் தெரிந்தது. என்னிடம் கொம்பில்லாத மானுக்கான சீட்டு இல்லை, அதனால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான்: பிறகு ஆறரைக்குக் கிட்ட, வேலியோரம் ஓர் இளம் கொம்பன். 45 கஜம். இருபது நிமிடம் அப்படியே நின்றது. பாதுகாப்பு விசையில் விரல் வைத்திருந்தேன். கிட்டே வரவில்லை, போய்விட்டது.

சித்தி: நல்லது ராசா. சாப்பிட வா, இடியப்பம் இருக்கிறது.

சித்தப்பா: எப்படி நாணிறக்கினாய்?

நான்: அம்பை எடுத்துவிட்டு வில்லைக் கயிற்றில் இறக்கினேன். கீழே வந்ததும், நேரம் முடிவதற்குள், பயிற்சி அம்பை வைத்துப் பயிற்சிப் பையில் விட்டேன். பிறகு பெட்டியில் வைத்து மூடித்தான் வண்டியில் ஏற்றினேன்.

சித்தப்பா: வேட்டை அம்பைக் கயிற்றில் இறக்கும்போது முனை எங்கேனும் பட்டதா?

நான்: அம்புக்கூட்டில் போட்டு முதுகில் கொண்டுவந்தேன். ஆனால் ஏறும்போது ஒருமுறை பட்டையில் உரசியது.

சித்தப்பா: அப்படியென்றால் அந்த முனையை நாளை போடாதே. ஒரு தாளை எடுத்து அலகால் வெட்டிப் பார். கிழித்தால் மாற்று.

நான்: கிழிக்கிறது.

சித்தப்பா: புதிய அலகு என்னிடம் இரண்டு இருக்கிறது. இடியப்பத்துக்கு வரும்போது எடுத்துக்கொள். வரும் வழியில் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்றும் பார்.