பஹ்ரைன் 2011: அரசரே கூப்பிட்ட படை அந்நியத் தலையீடு ஆகுமா?

கேள்வி (திருச்சி_மாணவன்):
கல்லூரிக்கு பஹ்ரைன் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 2011 மார்ச் 14-ல் சவூதிப் படை உள்ளே போனது அரசர் அழைத்ததால்தான் என்கிறார்கள். அப்படியானால் தப்பில்லையா? போராட்டத்தை அடக்கியதும் அந்தப் படைதானா?

பதில் (பழைய_மனாமா):
தம்பி, அப்போது நான் ஜித்ஹஃப்ஸில் ஒரு கோல்டு ஸ்டோரில், அதாவது சின்ன மளிகைக் கடையில், வேலை பார்த்தேன். ஷியா மக்கள் வாழும் பகுதி. அரசர் அழைத்தது உண்மைதான். ஆனால் 1783 முதல் ஆளும் அல் கலீஃபா குடும்பம் சுன்னி, குடிமக்களில் பெரும்பாலோர் ஷியா. ராணுவத்திலும் போலீஸிலும் ஷியாக்கள் சொற்பம். ஏமன், ஜோர்டான், பாகிஸ்தானிலிருந்து ஆள் எடுத்திருந்தார்கள். அந்த அழைப்பை யாருடைய அழைப்பு என்று எழுதுவாய்?

பெப்ரவரி 14-ல் போராட்டத்தைத் தொடங்கியவர்கள் கேட்டது புது அரசியல் சட்டம், தேர்ந்தெடுத்த அரசாங்கம். "சுன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை, பஹ்ரைனி" என்று முழங்கியதை என் காதால் கேட்டேன். 17-ம் தேதி விடியுமுன் போராட்டக்காரர்கள் தங்கியிருந்த மனாமா லுலு (முத்து) ரவுண்டானா கூடாரங்களில் தூங்கியவர்கள்மேல் போலீஸ் பாய்ந்தது. நாலு உயிர் போயிற்று. அன்று சவூதிப் படை வந்திருக்கவில்லை, சுட்டதெல்லாம் உள்ளூர்ப் படைதான்.

மார்ச் 13-ல் பட்டத்து இளவரசர் சல்மான் ஏழு அம்சங்களைச் சொல்லிப் பேச அழைத்தார். முழு அதிகாரமுள்ள நாடாளுமன்றமும் அதில் இருந்தது. மறுநாளே சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் ஃபஹத் பாலம் வழியாக ஆயிரம் சவூதி வீரர்கள், ஐந்நூறு எமிரேட்ஸ் போலீஸார். 15-ல் அவசரநிலை, 16-ல் ரவுண்டானா காலி. வந்தவர்கள் முக்கிய இடங்களுக்குக் காவல் நின்றார்கள், உள்ளூர்ப் படை ஊருக்குள் இறங்கியது. பேச்சு அத்தோடு செத்தது. தலையீடு செய்த கேடு அதுதான் என்பேன்.

பதில் (கூடல்_வாசகர்):
ஈரான் தூண்டியது என்றார்களே? பாகிஸ்தானியரைக் கும்பல் அடித்ததே?

பதில் (பழைய_மனாமா):
அடித்தார்கள், ஐயா. ஒரு பாவமும் அறியாத கூலியாட்கள். அதை மூடி மறைக்க முடியாது. முடியாட்சியே வேண்டாம், குடியரசுதான் என்று சிலர் பிடிவாதம் பிடித்ததும் சமரசத்தைக் கெடுத்தது. ஆனால் ஈரான் கதைக்கு ஆதாரம் வேண்டுமே! அரசரே அமைத்த பாஸியூனி விசாரணைக் குழு நவம்பர் 23-ல் அறிக்கை தந்தது. நடந்தவற்றுக்கும் ஈரானுக்கும் தெளிவான தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. வளைகுடாப் படைகள் மனித உரிமை மீறியதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பிறகு செக்பாயிண்டுகளில் எங்களைப் பார்த்தால் "ஹிந்தி, ரூஹ்" (இந்தியன், போ) என்று விட்டுவிடுவார்கள். ஷியா என்று தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்குவார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எங்கள் கடையில் பற்று வைத்திருந்த வாத்தியார் ஒருவருக்கும் வேலை போயிற்று. முதலாளியிடம் கெஞ்சி அந்தப் பற்றை நீட்டிக்கொண்டே போனோம்.

கேள்வி (திருச்சி_மாணவன்):
நன்றி அண்ணா. ரவுண்டானா இப்போதும் இருக்கிறதா?

பதில் (பழைய_மனாமா):
மார்ச் 18-ல் ரவுண்டானா நடுவிலிருந்த முத்துச் சின்னத்தை இடித்தார்கள். வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளுக்காக எழுப்பிய ஆறு படகுப் பாய்கள் அதில் இருந்தன. இடிக்கும்போது கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் நசுங்கிச் செத்தார். இப்போது அது ஃபாரூக் சந்திப்பு. கட்டுரையில் அவரையும் ஒரு வரி எழுது, தம்பி.